உறுமல் ஸ்டுடியோ, முடிச்சூர்!

“மாமா, நீங்க பி.காம்.தானே?”

காலை ஏழு மணிக்கு அக்கா மகன் போனில் இப்படிக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் கேட்டவர்கள் இரண்டே காரணங்களுக்காகத்தான் கேட்டிருக்கிறார்கள். ஒன்று, வருமான வரிப் படிவம் நிரப்பித் தர. இரண்டு, “அப்புறம் ஏன் இப்படி எழுதிக்கிட்டுத் திரியறே?” என்று அடுத்த கேள்வியைக் கேட்க.

இது மூன்றாவது ரகம்.

“கையில பதினஞ்சாயிரம் ரூபா இருக்கு மாமா. டியூஷன் எடுத்துச் சேர்த்தது. அதுக்குள்ள நாலு பாட்டு ரிக்கார்டு பண்ணணும். நீங்கதான் ஃபைனான்ஸ் மினிஸ்டர்!”

“என்ன பாட்டுடா? மெலடியா, குத்தா?”

“மெட்டல்.”

பாத்திரக் கடை விளம்பரமாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது. ஹெவி மெட்டல்! கறுப்பு பனியன், விரித்த தலைமுடி, புலி உறுமுவதுபோல ஒரு குரல், சரக்கு ரயில் கடப்பதுபோல டிரம்ஸ்... அந்த சமாசாரம்.

முடிச்சூரில் அக்கா வீடு தரைத்தளம். இரண்டு படுக்கையறை. அதில் அக்கா, அத்தான், அத்தானின் அம்மா, இந்தப் பையன். இந்தக் கூட்டத்துக்கு நடுவே சரக்கு ரயிலை எங்கே நிறுத்துவது?

விஷயம் விளையாட்டில்லை என்பது நேரில் போனபோது தெரிந்தது. நாலு பேர் கொண்ட குழு. கல்லூரி முதல் வருடத்தில் சேர்ந்தவர்கள். டிரம்மர் தம்பிக்கு புனேயில் வேலை கிடைத்துவிட்டது. ஜூன் முதல் தேதி போய்ச் சேர வேண்டும். இன்னொருவன் மேல்படிப்புக்குக் கிளம்புகிறான். மூன்று வருடமாக வாசித்த பாட்டு ஒன்றுகூட ஒழுங்காகப் பதிவாகவில்லை. கைவசம் இருந்தது 23 நாள்.

“இப்ப விட்டா அவ்வளவுதான் மாமா. அப்புறம் நாங்க பேண்டா இருந்தோம்னு நாங்க சொன்னாத்தான் உண்டு” என்றான். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

அத்தானின் நிலைப்பாடு வேறு. “மாப்ளே, இந்த மாசத்தோட இது முடியணும். ஒரு அரியர் பாக்கி இருக்கு இவனுக்கு. அதுக்கப்புறம் கிட்டாரைப் பரண்ல ஏத்திடுவேன்.”

வெட்டுப்பட்ட விரலில் பிறந்த இசை

ஒரு தொழிலில் பணம் போடுவதற்கு முன் அந்தத் தொழிலின் சரித்திரத்தைப் பார் என்று காமர்ஸில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தேன். அசந்துபோனேன்.

1965. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம். டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன், உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலையை விடப்போகிற கடைசி நாளில் இயந்திரம் அவனுடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவன் இடது கைப் பழக்கக்காரன். கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தான். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பி, பின்னாளில் இன்னும் தளர்த்திய சுருதி. அதிலிருந்து வந்ததுதான் அந்தக் கனத்த, இருண்ட ஒலி! அவருடைய ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவானது.

மெட்டாலிகா? 1982 ஜூலையில் ஏழு பாட்டை ஒரு கேசட்டில் பதிவு செய்தார்கள். ரசிகர்கள் அதைப் பிரதி எடுத்து, பிரதிக்குப் பிரதி எடுத்து, தபாலில் அனுப்பி ஊர் ஊராகப் பரப்பினார்கள். நார்வேயின் டார்க்த்ரோன் குழு 1994-ல் வெளியிட்ட ஆல்பம் ஒன்று, வீட்டில் நாலு டிராக் கருவியில் பதிவானது. அதன் கரகரப்பே அந்த ரகத்துக்கு இலக்கணமாகிவிட்டது. அவ்வளவு தூரம் ஏன்? 1989-ல் நம் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி ஒரு ஸ்டுடியோ கட்டிக்கொண்டாரே, அதற்கப்புறம் 1992-ல் ‘ரோஜா’ வந்ததே!

டெல்லிப் பையன்கள் ‘பிளட்டிவுட்’ என்று 2016-ல் ஆரம்பித்து, 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடை ஏறினார்கள். மெட்டல் ரசிகர்களுக்கு அந்த ஊர்தான் திருப்பதி.

“சரிடா, பட்ஜெட் பாஸ்!” என்றேன்.

முட்டை அட்டை வைபவம்

முதல் ரகளை ஒரு பைசா செலவில்லாமல் வந்தது.

அடுத்த நாள் போனால், கூடத்தில் நூறு முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கின்றன. மளிகைக் கடையில் இலவசமாக வாங்கி வந்திருக்கிறான். சுவரெல்லாம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாதாம்.

அத்தானின் அம்மா திருநெல்வேலி சைவம். வெங்காயத்தையே வெள்ளிக்கிழமை சேர்க்காதவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

“ஏலே... இது என்னது?”

“வெறும் அட்டைதான் ஆச்சி. முட்டை இல்ல.”

“முட்டை இருந்த எடம்லா? வெளிய கொண்டு போ!”

ஆச்சி சொன்னதுதான் விஞ்ஞானமும்! விசாரித்துப் பார்த்ததில், முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. அந்த மெல்லிசு அட்டை கொஞ்சம் உச்ச ஸ்தாயி ஒலியை மட்டும் லேசாக மழுப்பும். சத்தம் வெளியே போகாமல் தடுக்கக் கனமான சுவரும், இடுக்கில்லாத கதவும் வேண்டும். அது வாடகை வீட்டில் நடக்காது. அறைக்குள் எதிரொலி குறைய வேண்டுமானால் தடிமனான, மெத்தென்ற பொருள் வேண்டும்.

அது வீட்டிலேயே இருந்தது. ஆச்சி ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள், நாலு கம்பளி. மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, கம்பளிகளைத் துணிக்கொடியில் தொங்கவிட்டோம். கை தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்று திரும்பி வந்த சத்தம் ‘டப்’ என்று அடங்கிவிட்டது. செலவு பூஜ்யம்.

மிச்சக் கணக்கு இதோ:

பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்கும் தரகர்) - ரூ. 5,500
ஹெட்போன் - ரூ. 3,200
பழைய டைனமிக் மைக் - ரூ. 2,400
கேபிள், மைக் ஸ்டாண்டு - ரூ. 1,150
கிட்டார் கம்பி, மூன்று செட் - ரூ. 1,500
ஆக மொத்தம் - ரூ. 13,750

கம்ப்யூட்டர் அவன் கல்லூரி லேப்டாப். பதிவு செய்ய ‘ரீப்பர்’ என்று ஒரு மென்பொருள். 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு 60 டாலர் கட்ட வேண்டும். “23 நாள்ல முடிச்சுட்டா கட்ட வேணாம்ல?” என்று கண்ணடித்தான். நான் அதை ‘செலுத்த வேண்டிய கடன்’ என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். முதல் சம்பளத்தில் கட்ட வேண்டும். திருட்டுக் கணக்கில் பாட்டு எடுக்க இந்த நிதி மந்திரி சம்மதிக்கமாட்டார்!

சத்தமே இல்லாத சத்தம்

கிட்டார் பதிவுதான் பெரிய ஆச்சரியம். தெருவே அதிரப் போகிறது என்று பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே மன்னிப்பு கேட்டு வைத்திருந்தேன். நடந்தது என்ன? பையன் கட்டிலில் உட்கார்ந்து ‘டிக் டிக்’ என்று கம்பியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் ஆச்சி விளக்குத்திரி திரித்துக்கொண்டிருக்கிறார். அவன் ஹெட்போனை என் காதில் மாட்டியதும்தான்... அம்மாடி! நூறு லாரி ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆன மாதிரி!

ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டி எல்லாமே இப்போது மென்பொருளாக வந்துவிட்டன. இலவசமாகவும் நல்லது கிடைக்கிறது. கிட்டாரிலிருந்து கம்பி நேராக இன்டர்ஃபேஸுக்குப் போய்விடுவதால், தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் ஒலிபெருக்கியில் கத்தினாலும் பதிவில் விழாது. இன்னொரு லாபம், கம்ப்யூட்டரில் சேமிப்பது கிட்டாரின் வெறும் ஒலியைத்தான். உறுமலின் ருசியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். உப்பைக் கடைசியில் போடுகிற சமையல் மாதிரி.

ஆனாலும் தப்பு செய்யாமல் இருப்போமா?

தப்பு ஒன்று: தாமதம். கம்பியைத் தட்டினால் சத்தம் ஒரு நொடிப் பிசிறு கழித்துக் காதில் விழுந்தது. ‘பஃபர்’ என்ற அளவு 1024-ல் இருந்திருக்கிறது. அது மட்டுமே 23 மில்லி செகண்டு. 128-க்குக் குறைத்ததும் 3 மில்லி செகண்டுக்கு வந்தது. வாசிக்கும்போது குறைவாகவும், கடைசியில் கலவை செய்யும்போது அதிகமாகவும் வைத்துக்கொள்ள வேண்டுமாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போயிற்று.

தப்பு இரண்டு: இடது பக்கம் ஒரு கிட்டார், வலது பக்கம் ஒரு கிட்டார் என்று அகலமாகக் கேட்க வேண்டும் என்று, வாசித்ததையே நகல் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தான். அகலம் வரவில்லை, நடுவில் நின்று இன்னும் உரக்கக் கத்தியது. ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு மாதிரி. ஆள் இரண்டாகிவிடுவாரா? அதே பகுதியை மறுபடி ஒரு முறை புதிதாக வாசிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள நூலிழை வித்தியாசம்தான் அந்த விசாலத்தைக் கொடுக்கிறது.

தப்பு மூன்று: காரம் ஜாஸ்தி. மேடையில் வைக்கிற அளவுக்கு ‘கெயின்’ வைத்து வாசித்தார்கள். இரண்டு மூன்று கிட்டார் சேர்ந்ததும் எல்லாம் களிமண்ணாகிவிட்டது. பாதியாகக் குறைத்தபோதுதான் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகக் கேட்டது. மெட்டலில் கனம் வருவது கிட்டாரை முறுக்குவதால் அல்ல. கீழே பேஸும் கிக் டிரம்மும் தாங்குவதால்.

மூன்று கை டிரம்மர்

இந்த இடத்தில்தான் காரியம் கெட இருந்தது.

நிஜ டிரம்ஸைப் பதிவு செய்ய எட்டுப் பத்து மைக் வேண்டும், பெரிய அறை வேண்டும். இந்தத் தெருவில் ஒரு மணி நேரம் வாசித்தால் போலீஸும் வேண்டும். ஒரு ஸ்டுடியோவில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும், குடித்த டீக்குக் காசு கேட்பார்களோ என்று பயந்து வெளியே வந்துவிட்டோம்.

“கம்ப்யூட்டர்லயே டிரம்ஸ் போட்டுடலாம் மாமா” என்று அக்கா மகன் இரண்டே நாளில் ஒரு பாட்டுக்குப் போட்டும்விட்டான். டிரம்மர் தம்பி வந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். கழற்றி வைத்தான்.

“நல்லாருக்கு. அப்ப நான் எதுக்கு?”

யாரும் பேசவில்லை. இன்னும் 14 நாளில் அவன் ஊரைவிட்டே போகிறான். மூன்று வருடம் பஸ்ஸில் டிரம் ஸ்டாண்டைச் சுமந்தவன். அவன் நினைவுக்காகத்தான் இந்தப் பதிவே. அதில் அவனே இல்லை!

2005-ல் ஸ்வீடன் நாட்டு மெஷுகா குழு, அபாரமான டிரம்மர் கூடவே இருந்தும், ஒரு முழு ஆல்பத்துக்குக் கம்ப்யூட்டர் டிரம்ஸ் போட்டதே என்று நான் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். “ஒரு நிமிஷம் போடு... இங்க பாரு. ஸ்னேர் அடிக்கிறே, ஹை-ஹாட் அடிக்கிறே, அதே நேரத்துல சிம்பலும் விழுது. எனக்கு என்ன மூணு கையா?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அன்று மாலை நாலு மணிக்கு உட்கார்ந்தவன், இரவு பதினொன்றுக்குத்தான் எழுந்தான். அடுத்த ஐந்து நாளும் வந்தான்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை ஒரு வேக எண் இருக்கிறது. அக்கா மகன் எல்லா அடிக்கும் 127 வைத்திருந்தான். தையல் மெஷின் மாதிரி கேட்டது. “வேகமா அடிக்கும்போது இடது கை கொஞ்சம் தளரும். இதுக்கு 127, இதுக்கு 108 வை. நீளமா உருட்டும்போது கடைசியில கை சோர்ந்துடும். அதையும் குறை. இந்த இடத்துல நான் எப்பவும் ஒரு மயிரிழை லேட்டா வருவேன். அப்படியே நகர்த்து.”

தொடையில் தட்டித் தட்டிப் பார்த்து, தன் கைகளின் பலவீனத்தையெல்லாம் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தான். முடித்துவிட்டுக் கேட்டபோது அது இயந்திரம் இல்லை. அவன்தான்!

பனங்கற்கண்டு உபயம்: ஆச்சி

கடைசியாகக் குரல். இதற்கு மட்டும்தான் மைக். மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதம், அக்னி நட்சத்திரம், இலவம்பஞ்சுக் குகை! பையன் பனியனைப் பிழிந்து பிழிந்து பாடினான்.

‘ப’, ‘ப்’ என்று சொல்லும்போது காற்று மைக்கில் மோதி ‘டொப்’ என்று கேட்டது. எம்பிராய்டரி வளையத்தில் ஆச்சியின் பழைய நைலான் புடவைத் துண்டைக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினோம். சரியாகிவிட்டது.

முதல் உறுமலில் எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். “யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

முதல் நாள் முடிவில் உண்மையாகவே சரியில்லை. குரல் போய்விட்டது. தொண்டையை இறுக்கிக் கத்தியதால் வந்த வினை. தெரிந்தவர்கள் உறுமுவது குரல் நாண்களைப் போட்டு நசுக்கி அல்ல. அதற்கு மேலே இருக்கும் பொய்க் குரல் மடிப்புகளை அதிர வைத்து, அடிவயிற்று மூச்சால் தாங்கித்தான். பார்த்தால் ராட்சசக் கூச்சல். உள்ளே மூச்சுக் கணக்கு. வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

மூன்று நாள் மௌன விரதம். ஆச்சி மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொடுத்தார். “சாமி வந்தாக்கூட இப்படிக் கத்த மாட்டாவளே!” என்று அலுத்துக்கொண்டாலும், நாலாம் நாள் பதிவின்போது மிக்ஸி போடாமல் அம்மியில் அரைத்தார்.

கலவை செய்வது என் கண்ணில் பேரேடுதான். ஒலி அலைவரிசையில் எல்லோருக்கும் இடம் வேண்டும். கிட்டாரின் அடிப்பகுதியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப் பற்று எழுதினால், பேஸ் கிட்டாருக்கு வரவு. எல்லோருக்கும் வரவு வைத்தால் கம்பெனி திவால்! மெதுவான சத்தத்தில் வைத்துக் கலந்தோம். பிறகு போனில், பக்கத்து ஆட்டோவில், ஓட்டை ஸ்பீக்கரில் எல்லாம் போட்டுக் கேட்டோம்.

மூன்றாவது பாட்டு

நாலு பாட்டில் மூன்றாவது கொஞ்சம் நீளம். அதைப் போடும்போது அத்தான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு வார்த்தை புரியுதா மாப்ளே? என்னதான் பாடுறான்?”

பையன் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினான். அத்தான் நின்றபடியே படித்தார்.

2015 டிசம்பர். அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் வந்த இரவு. அவனுக்கு அப்போது 11 வயது. தரைத்தளத்தில் தண்ணீர் இடுப்பளவு. இருட்டில் அப்பா ஆச்சியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். மறுபடி இறங்கிப் போகிறார், தன் கேசட் பெட்டியை எடுக்க. இருபது வருடமாகச் சேர்த்த இளையராஜா கேசட்டுகள். வெறுங்கையோடு திரும்பி வருகிறார். அவ்வளவுதான் பாட்டு.

அத்தான் தாளை மடித்துக் கொடுத்தார். “சட்டையை மாத்திட்டு வரேன்” என்று உள்ளே போனவர், சாப்பிடக் கூப்பிடும்வரை வரவில்லை.

மே 29. வேலை முடிந்தது. கணக்கை வாசித்தேன். டீ, பஜ்ஜி ரூ. 910. கையிருப்பு ரூ. 340. வருமானம் பூஜ்யம். “கரண்ட் பில்லைக் காணோமே?” என்றார் அத்தான். ஒப்புக்கொண்டேன், விட்டுப்போயிற்று.

மறுநாள் டிரம்மர் தம்பி பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டு, பட்டனையும் மாட்டிக்கொண்டு புனே ரயிலேறினான். பிளாட்பாரத்தில் நாலு பேரும் ரொம்ப சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அத்தானிடமிருந்து போன், காலை ஏழு மணிக்கு.

“மாப்ளே, அந்த மூணாவது பாட்டு...”

“ஏன் அத்தான்?”

“கேசட் எடுக்க இறங்குற எடத்துல டிரம்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு. ஏத்தச் சொல்லு அவனை. நான் சொன்னேன்னு சொல்லாதே.”

சொல்லவில்லை. ஒரு டெசிபல் ஏற்றிவிட்டோம். கிட்டார் இன்னும் பரணுக்குப் போகவில்லை!